கைத்தட்டலை வெட்டிய கேசட்

வந்த கேள்வி இது: "ராக் பாட்டுகளை ஹெட்போனில்தான் கேட்கிறேன். ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிந்த பாட்டு இருக்கும்போது, கூச்சலும் பிசிறும் கலந்த லைவ் ஆல்பத்தை ரசிகர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? உங்களுக்குப் பிடித்தது எது? நேரில் பார்த்த கச்சேரி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்."

இதே சந்தேகம் பல வருடங்களுக்கு முன்பே ஒரு கேசட் கடைக்காரருக்கு வந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை, தானே ஒரு முடிவெடுத்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னையில் எங்கள் தெருமுனையில் பாட்டு பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. படத்தின் பெயரையும் பாட்டின் முதல் வரியையும் தாளில் எழுதிக் கொடுத்தால் நாலு நாளில் கேசட் தயார். இளையராஜா பாட்டுக்குத்தான் எப்போதும் கூட்டம். நான் கொண்டுபோனது ஒரு இரட்டை இசைத்தட்டு. நண்பனின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார், அவர் சிங்கப்பூரில் வாங்கி வந்தது. டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் லைவ் ஆல்பம், 'மேட் இன் ஜப்பான்'. மொத்தம் ஏழே பாட்டு, ஆனால் ஓடுவது ஒன்றேகால் மணி நேரம். என் கையிலிருந்த காசுக்கு அறுபது நிமிடக் கேசட்தான் வாங்க முடிந்தது.

கேசட்டை வாங்கப் போனபோது கடைக்கார அண்ணன் பெருமையோடு சொன்னார்: "நடுநடுவுல வெறும் கூச்சலா இருந்துச்சு தம்பி, எல்லாத்தையும் எடுத்துட்டேன். கடைசிப் பாட்டு இருபது நிமிஷம் ஓடுது, பாதிக்கு மேல பாட்டே வரல. அதையும் விட்டுட்டேன். சிக்ஸ்டிலயே அடங்கிடுச்சு பாருங்க."

ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் பாஸ் பட்டனை அமுக்கி, அடுத்தது தொடங்கும்போது விட்டிருக்கிறார். அதனால் நான் கேட்ட முதல் லைவ் ஆல்பத்தில் கைத்தட்டலே கிடையாது. பாட்டு முடிந்ததும் ஒரு 'டக்', உடனே அடுத்த பாட்டு. அது ஒரு கச்சேரி என்பதே எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. ஏதோ அவசரத்தில் பதிந்த ஆல்பம் போலிருக்கிறது, இந்தக் கிட்டார்காரர் ஏன் இப்படி ஆவேசமாக வாசிக்கிறார் என்றுதான் யோசித்தேன்.

இரண்டு வருடம் கழித்து முழுசாகக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டின் நடுவில் ரிச்சி பிளாக்மோர் கிட்டாரில் ஒரு துணுக்கு வாசிப்பார், இயன் கில்லன் அதைத் தொண்டையில் திருப்பித் தருவார். அவர் இன்னும் சிக்கலாக ஒன்றைப் போடுவார், இவர் அதையும் பிடிப்பார். பாடகர் ஸ்வரம் பாட வயலின்காரர் திருப்பிக் கொடுப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'த ம்யூல்' பாட்டில் டிரம்ஸ்காரர் இயன் பெய்ஸ் தனியாக வெளுத்துக்கட்டுவது அசல் தனி ஆவர்த்தனம். சபாவாக இருந்தால் அந்த நேரத்தில் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போயிருப்பார்கள். ஒசாகாவிலும் டோக்கியோவிலும் யாரும் எழுந்து போகவில்லை என்பது கைத்தட்டலைக் கேட்டாலே தெரிகிறது. யாருக்காக இவ்வளவு ஆவேசம் என்ற கேள்விக்கு விடை அந்தச் சத்தத்தில்தான் இருந்தது, அதைத்தான் அண்ணன் வெட்டிவிட்டிருந்தார். சவுண்டு ஆட்களிடம் மேடையிலிருந்து, மற்ற எல்லாவற்றையும்விட எல்லாமே சத்தமாக வேண்டும் என்று கேட்கும் பிரபலமான குறும்பும் அந்த வெட்டில்தான் போயிருந்தது.

இந்த ஆல்பம் பிறந்த கதையும் வேடிக்கையானது. இசைக்குழுவுக்கு லைவ் ஆல்பம் போடுவதில் அக்கறையே இல்லை. ஜப்பானில் இருந்த இசைத்தட்டு நிறுவனம்தான் கேட்டது. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17-ஆம் தேதி டோக்கியோவின் புடோகானிலும் பதிந்தார்கள். மூன்று இரவு, எட்டுத் தடங்களில் தனித்தனியாகப் பதியும் எட்டு டிராக் இயந்திரம் ஒன்று, மார்ட்டின் பர்ச் என்ற ஒலிப்பதிவாளர். மொத்தச் செலவே சுமார் 3,000 டாலர்தான் என்று ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் சொல்லியிருக்கிறார். மிக்ஸிங்குக்கு ஐந்து பேரில் ராஜர் குளோவரும் பெய்ஸும் மட்டும்தான் வந்தார்கள். ஜப்பானுக்கு மட்டும் என்று நினைத்தது உலகம் முழுவதும் போனது. இன்று அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் முதலில் நினைப்பது இதைத்தான்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஒரு கச்சேரியைப் பற்றிய பாட்டு என்பது தெரியுமா? 1971 டிசம்பர் 4-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் மத்தாப்புத் துப்பாக்கியைச் சுட, கேசினோ முழுவதும் எரிந்துபோனது. மறுநாள் முதல் அங்கேதான் டீப் பர்ப்பிள் தன் ஆல்பத்தைப் பதிவதாக இருந்தது. ஏரியின் மேல் படர்ந்த புகைதான் பாட்டானது. இன்னொன்று, அவர்களுடைய 'சைல்ட் இன் டைம்' பாட்டின் ஆர்கன் மெட்டு, சான் பிரான்சிஸ்கோ குழு ஒன்று 1969-இல் வெளியிட்ட 'பாம்பே காலிங்' என்ற இசையிலிருந்து எடுத்தது. கில்லனே ஒப்புக்கொண்டிருக்கிறார். பம்பாய் கூப்பிட்டதை அவர்கள் சான் பிரான்சிஸ்கோ வழியாகக் கேட்டிருக்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பாட்டில் கூட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஸ்டுடியோ பதிவில் அது இருக்காது. சில பாட்டுகளில் அந்தப் பங்கு இல்லாவிட்டால் பாட்டே பாதிதான்.

அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவின் 'ஃபியர் ஆஃப் த டார்க்' இதற்கு நல்ல உதாரணம். குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியது, 1992-இல் வந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அந்த ஆல்பத்தின் தயாரிப்பில் ஹாரிஸோடு இருந்தவர் யார் தெரியுமா? அதே மார்ட்டின் பர்ச். இருபது வருடம் முன்பு ஒசாகாவில் எட்டு டிராக்கோடு உட்கார்ந்திருந்த அதே மனிதர். இந்த ஆல்பத்தோடு அவர் தொழிலிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்டுடியோ பதிவில் தொடக்கத்தில் ஒரு கிட்டார் மெட்டு வரும், அப்புறம் அடங்கி, மெதுவான குரல். அவ்வளவுதான். அதையே 2001 ஜனவரி 19 அன்று ரியோ டி ஜெனிரோவில் பதிந்த 'ராக் இன் ரியோ' ஆல்பத்தில் கேளுங்கள். அந்தக் கிட்டார் மெட்டை வார்த்தையே இல்லாமல் 'ஓ... ஓ...' என்று மைதானம் மொத்தமும் பாடுகிறது. வந்திருந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர் என்பார்கள். யாரும் பாடச் சொல்லவில்லை, எழுதியவர் அந்த இடத்தில் குரலே வைக்கவில்லை. ரசிகர்கள் தாங்களாகச் சேர்த்த வரி அது. இன்று அது இல்லாமல் அந்தப் பாட்டை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

குவீன் குழுவின் 'லவ் ஆஃப் மை லைஃப்' கதையும் இதுதான். 1975 ஆல்பத்தில் பியானோவும் ஹார்ப்பும் சேர்ந்து இழைத்த பாட்டு. மேடையில் பிரையன் மே ஒரு பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு உட்கார, ஃப்ரெடி மெர்க்குரி பாடத் தொடங்குவார். தென் அமெரிக்காவில் அவர் பாட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. ஆங்கிலம் பேசாத ஊரில் கூட்டம் மொத்தப் பாட்டையும் பாடியது, அவர் கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் நிதிக் கச்சேரியில் குவீன் வாசித்த காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'ரேடியோ கா கா' பாட்டுக்குக் கடல் அலை மாதிரி எழும்பும் அந்த இரட்டைக் கைத்தட்டு. பாட்டின் வீடியோவில், வேலை உடுப்பு போட்ட கூட்டம் ஒன்று அப்படித் தட்டும். அவர்களே குவீன் ரசிகர் மன்றத்துக்காரர்கள்தான். ரசிகர்கள் செய்து காட்டியதை ரசிகர்கள் கற்றுக்கொண்டு வந்து தட்டியிருக்கிறார்கள்.

தெரியாமல் தட்டினாலும் தப்பில்லை. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய வங்கதேச நிதிக் கச்சேரியில், ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டிவிட்டது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் ரவிசங்கர். வெளியான ஆல்பத்தில் அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். எங்கள் கடைக்கார அண்ணன் கையில் கிடைத்திருந்தால் சுருதியும் போயிருக்கும், ஜோக்கும் போயிருக்கும்.

நேரில் பார்த்தது என்றால் எனக்கு ஒன்றுதான் முதலில் வரும். 2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், அயர்ன் மெய்டன். அந்தக் குழு இந்தியாவில் வாசித்த முதல் கச்சேரி. அதற்கு முன் நான் பார்த்த பெரிய ராக் கூட்டம் எல்லாம் ஐ.ஐ.டி. திறந்தவெளி அரங்கில் சாரங் விழாவில்தான். கல்லூரிப் பசங்க, நம்மூர்க் குழுக்கள், கேட்டில் அடையாள அட்டையைக் காட்டிக் கெஞ்சுவது. இது வேறு ரகம்.

காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் கறுப்பு டி-ஷர்ட். பெட்டியில் அங்கங்கே இன்னும் பத்துப் பதினைந்து கறுப்பு டி-ஷர்ட். யாருக்கும் யாரையும் தெரியாது, ஆனால் சட்டையில் இருந்த படத்தைப் பார்த்து ஒரு தலையாட்டல். காட்பாடியில் ஏறிய ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்ல தம்பி மாநாடு?" என்றார். கழகத்துக்காரர்கள் என்றே நினைத்துவிட்டார். என் பக்கத்தில் இருந்தவன் திரும்பி உட்கார்ந்ததும் அவன் நெஞ்சில் இருந்த, மெய்டனின் சின்னமான எடி என்கிற எலும்பு முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் ஜோலார்பேட்டை வரை எங்களிடம் பேசவே இல்லை. ஜோலார்பேட்டையில் வடை வாங்கியபோது ஒன்றை நீட்டினோம், வாங்கிக்கொண்டார்.

கன்டோன்மென்டில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், வரிசை ரோட்டில் நிற்கிறது. வெயில். அந்த வரிசையில்தான் நாள் முழுவதும் நடந்த உண்மையான கச்சேரி. முன்னால் நின்ற பையன் அஸ்ஸாமிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து வந்திருந்தான். எனக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறி. ஆனால் மெய்டனின் கிட்டார்காரர்களில் எந்த ஆல்பத்தில் எந்த சோலோவை ஏட்ரியன் ஸ்மித் வாசிக்கிறார், எதை டேவ் மர்ரி வாசிக்கிறார் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். விரலால் காற்றில் வாசித்துக் காட்டியே ஒருவரை ஒருவர் திருத்தினோம். அவனுக்கும் மெய்டன் கிடைத்தது ஏதோ ஒரு அண்ணனின் கேசட்டில்தான்.

முதலில் டெல்லிக் குழு பரிக்ரமா வாசித்தது. அந்த வருடமே அவர்கள் இங்கிலாந்தில் 'டவுன்லோட்' என்ற ராக் விழாவிலும் வாசித்தார்கள். இருட்டிய பிறகு மெய்டன். முதல் அரை மணி நேரம் என்ன வாசித்தார்கள் என்று என்னைக் கேட்டால் பெயர்களைத்தான் சொல்ல முடியும், கேட்டது நினைவில்லை. காதில் விழுந்ததைவிட நெஞ்செலும்பில் விழுந்ததுதான் அதிகம். ஹாரிஸின் பேஸ், ஹெட்போனில் ஏதோ ஓரத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது, இங்கே சட்டைக்குள் வந்து தட்டியது. கூட்டம் தள்ளியதில் ஒரு செருப்பு போய்விட்டது. மிச்சம் இருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றது தெளிவாக ஞாபகம் இருக்கிறது, எதற்காகப் பிடித்தேன் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் 'ஃபியர் ஆஃப் த டார்க்'.

விளக்கு நீலமாக அடங்கியது. கிட்டார் மெட்டின் முதல் இரண்டு சுரம் வந்ததோ இல்லையோ, எனக்குப் பின்னால் ஒரு சத்தம் எழும்பியது. திரும்பிப் பார்க்கிறேன், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள், எல்லாம் வாய் திறந்து அந்த மெட்டைப் பாடுகின்றன. ரியோ கூட்டம் பாடிய அதே வரி, அதே இடத்தில் மூச்சு, அதே இடத்தில் இறக்கம். குழு இந்த ஊருக்கே முதல் முறையாக வந்திருக்கிறது, ஆனால் யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. அந்த அஸ்ஸாம் பையன் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான். நானும்தான். அத்தனை பேரும் தனித்தனியாக ஏதோ ஒரு அறையில், ஏதோ ஒரு கேசட்டிலோ சி.டி.யிலோ, தூரத்து ஊர்க் கூட்டத்தின் பங்கைப் பாடிப் பழகிவிட்டு வந்திருந்தோம். பாடகர் புரூஸ் டிக்கின்சன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டு நின்றார்.

லைவ் ஆல்பத்தை எதற்குக் கேட்கிறோம் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் முழுசாகப் புரிந்தது. அதுவரை நான் அதைக் குழுவுக்காகக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவுப் பேருந்தில் திரும்பும்போது பின்சீட்டில் ஒருவன் அந்த மெட்டை முணுமுணுத்தான். ஒவ்வொருவராகச் சேர்ந்து பாதி பஸ் பாடியது. ஓசூர் தாண்டியதும் ஓட்டுநர் விளக்கைப் போட்டுத் திரும்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, எந்தப் படத்துல?" என்று கேட்டார். திங்கட்கிழமை ஆபீஸில் எனக்குக் குரலே இல்லை. தொண்டை கட்டிவிட்டது, மழை என்றேன். மார்ச் மாதத்தில் ஏது மழை?

அடுத்த வருடம் பிப்ரவரி 1-ஆம் தேதி அவர்கள் மும்பையில் வாசித்தார்கள். அந்த உலகச் சுற்றுப்பயணமே அங்கேதான் தொடங்கியது. குழு ஊர் ஊராகப் போன விமானத்தை ஓட்டியதும் டிக்கின்சன்தான். 'ஃப்ளைட் 666' என்ற ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். நான் போகவில்லை, லீவு கிடைக்கவில்லை.

லைவ் ஆல்பம் எல்லாமே நம்பத் தகுந்ததும் இல்லை. மேடையில் தப்பாக வந்ததை ஸ்டுடியோவில் திரும்ப வாசித்து ஒட்டுவது பழைய வழக்கம். தின் லிஸி குழுவின் 1978 ஆல்பமான 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' பற்றி அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, பெரும்பகுதி ஸ்டுடியோவில் செய்தது என்றார். குழுவினர் அவ்வளவெல்லாம் இல்லை என்றார்கள். எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும், ஒட்டு இருந்தாலும் பிடிக்கும். ஆனால் ஒட்டு குறைந்த பச்சையான சரக்கு வேண்டும் என்றால் த ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்'. 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பதிந்தது. மறுநாள் ஹல் நகரில் பதிந்ததையும் வைத்திருந்தார்கள், அதில் சில பாட்டுகளில் பேஸ் கிட்டார் பதிவாகாமல் போனதால் லீட்ஸ் தப்பியது. கள்ளப் பதிவு மாதிரி வெறும் பழுப்பு அட்டை. வட்டின் நடுவில் ஒட்டும் லேபிளில், கரகர சத்தம் இருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று கையால் எழுதியே வெளியிட்டார்கள்.

நீங்கள் எதிலிருந்து தொடங்குவது? கர்நாடகக் கச்சேரி கேட்கும் பழக்கம் இருந்தால் ஆல்மன் பிரதர்ஸின் 1971 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்'. அதில் 'விப்பிங் போஸ்ட்' 23 நிமிடம், ராகம் விரிகிற மாதிரி விரியும். பொறுமை இல்லையென்றால் 'மேட் இன் ஜப்பான்' முதல் பாட்டு 'ஹைவே ஸ்டார்', ஏழு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். அது பிடிக்காவிட்டால் லைவ் ஆல்பமே உங்களுக்கு வேண்டாம், ஸ்டுடியோவோடு சந்தோஷமாக இருங்கள். அதிலும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

நேரில் போவதாக இருந்தால் செருப்பு வேண்டாம், கயிறு கட்டிய ஷூ. அப்புறம் காது அடைப்பான். இதை யாரும் சொல்லித்தரவில்லை, பெங்களூருக்கு அப்புறம் இரண்டு நாள் என் காதில் குக்கர் விசில் அடங்கும் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. டீப் பர்ப்பிள் 1972-இல் லண்டன் ரெயின்போ அரங்கில் 117 டெசிபலில் வாசித்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்த குழு. த ஹூவின் பீட் டவுன்ஷென்டுக்குக் காது போன கதை ஊரறிந்தது, ஏ.சி./டி.சி. குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் காது பிரச்சினையால் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட வேண்டியிருந்தது. வாசிக்கிறவர்களே அடைப்பான் போடுகிறார்கள், நமக்கென்ன கௌரவம். ஃபோனில் ஒரு பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். போகுமுன் அந்தக் குழுவின் லைவ் பதிவை இரண்டு முறை கேட்டு, கூட்டம் எங்கே பாடுகிறது, எங்கே தட்டுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறுபது நிமிடக் கேசட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. போட்டுக் கேட்க டேப் ரிக்கார்டர்தான் இல்லை. முழு ஆல்பத்தைக் கணக்கில்லாமல் கேட்டாயிற்று. இருந்தும் 'சைல்ட் இன் டைம்' முடிந்து ஒசாகா கைதட்டத் தொடங்கும் இடத்தில், என் காது இன்றும் ஒரு நொடி அந்த 'டக்' வருமா என்று பார்க்கிறது.